வடதுருவத்து ஏரிச் சேறும் பழம்பாறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரி வண்டலைக் கழுவிச் சலித்து, அதில் என்னென்ன கிடக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து எண்ணும் ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். அதன்பிறகு பள்ளிகளிலும் நூலகங்களிலும் இதைப் பற்றிப் பேசி வருகிறேன். எங்கே போனாலும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. சிலவற்றைப் பிள்ளைகள் கேட்டார்கள், சிலவற்றை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒன்றிரண்டை என் வீட்டிலேயே கேட்டார்கள். கேட்ட மாதிரியே எழுதிப் பதில் தருகிறேன்.

ஆர்க்டிக் என்றாலே பனிக்கடல்தானே? அங்கே ஏரி எங்கே இருக்கு?

துருவப் புள்ளி கடலில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடலைச் சுற்றி நிறைய நிலம் இருக்கிறது: கனடாவின் வடக்குத் தீவுகள், அலாஸ்கா, கிரீன்லாந்து, நார்வேயின் ஸ்வால்பார்ட், ரஷ்யாவின் சைபீரியா, சுகோட்கா. முன்பு அங்கே நகர்ந்த பனியாறுகள் பாறையைச் சுரண்டிப் பள்ளம் பறித்துவிட்டுப் போயின. பனி விலகியதும் பள்ளங்களில் தண்ணீர் தேங்கியது. அடிமண் உறைந்தே கிடப்பதால் பல இடங்களில் அந்தத் தண்ணீர் கீழே இறங்க வழியும் இல்லை. அதனால் பெரிதும் சிறிதுமாக லட்சக்கணக்கில் ஏரிகளும் குட்டைகளும் உண்டு.

வடகோடியில் இருக்கும் ஏரிகள் ஆண்டில் ஒன்பது பத்து மாதம் உறைந்திருக்கும். உறைவது மேற்பரப்பு மட்டும்தான். ஆழமான ஏரியில் பனித்தட்டுக்குக் கீழே தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், அதில் உயிர்களும் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏரி அடியில இருக்கிற சேறு எப்படி சரித்திரம் ஆகும்?

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியவர்களுக்கு இது தெரியும். பல மாதம் கழித்துத் திறந்தால் அடியில் வண்டல் படிந்திருக்கும். அதில் கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. ஏரியிலும் அதேதான். ஓடை அடித்துவந்த மண், கரையில் உதிர்ந்த இலை, காற்றில் வந்த மகரந்தம், எரிமலைச் சாம்பல், ஏரியிலேயே வாழ்ந்து செத்த பாசியும் பூச்சியும் எல்லாம் வரிசை மாறாமல் அடியில் போய்ச் சேர்கின்றன.

வடதுருவத்து ஏரிகளுக்குக் கூடுதல் சிறப்பு உண்டு. குளிரில் எதுவும் சீக்கிரம் மக்காது. அடிச்சேற்றைக் கிளறும் உயிர்களும் குறைவு. படிவதும் மிக மெதுவாக நடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் சேர்வதற்குப் பல ஆண்டுகள் எடுக்கும் ஏரிகள் உண்டு. அதனால் கைக்கு அடக்கமான ஒரு மீட்டர் குழாயில் பல ஆயிரம் ஆண்டு வரலாறு ஏறிவிடும்.

தோண்டி எடுத்தா எல்லாம் கலங்கிப் போயிடாதா?

தோண்டினால் கலங்கும். அதனால் தோண்டுவதில்லை, குழாயை இறக்குகிறார்கள். வெளிச்சம் வந்துவிட்ட, ஆனால் பனித்தட்டு இன்னும் தடிமனாக இருக்கிற வசந்த காலத்தில் ஏரியின் மேல் நின்று துளை போடுவார்கள். எடை கட்டிய குழாய் அடியில் போய்ச் சேற்றுக்குள் இறங்கும். மேல்வாயை அடைத்துவிட்டால், ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் மூடித் தூக்கும்போது பழச்சாறு நிற்பதுபோல, சேறு குழாய்க்குள் நிற்கும். இதை நாங்கள் உருளை என்போம்.

ஆய்வகத்தில் உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்போம். முதல் தடவை நான் அதைப் பார்த்தபோது, ஆலிவ் பச்சையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருந்தன. அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. பக்கத்தில் இருந்தவர் “சீக்கிரம் போட்டோ எடு” என்றார். ஏன் அவசரம் என்று அப்போது புரியவில்லை. கொஞ்ச நேரத்தில், காற்றுப் பட்டதும் கறுப்புக் கோடுகள் பழுப்பாக மங்கத் தொடங்கின. பல நூறு ஆண்டுகள் காற்றே படாமல் இருந்த இரும்புச் சேர்மம் எங்கள் கண்ணெதிரே துருப்பிடித்தது. ஒரு பாதியைத்தான் வெட்டி ஆய்வுக்கு எடுப்போம். மறுபாதி குளிரறைக்குப் போகும், நாளைக்கு இன்னும் நல்ல முறை வந்தால் வேறு யாராவது எடுத்துப் பார்க்கலாம் என்று.

இது இந்த வருஷத்துச் சேறு என்று எப்படிச் சொல்றீங்க? அடுக்கை எண்ணுவீங்களா?

சில ஏரிகளில் உண்மையிலேயே எண்ணலாம். கோடையில் பனி உருகி ஓடும் வெள்ளம் சற்றுப் பருமனான மணலைக் கொண்டுவரும். குளிர்காலத்தில் பனித்தட்டின் கீழ் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது மிக நுண்ணிய களிமண் மெதுவாக இறங்கும். ஒரு வெளிர் பட்டை, ஒரு கரும் பட்டை, இரண்டும் சேர்ந்தால் ஓராண்டு. சுவீடனின் யெரார்ட் டி யேர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இப்படி எண்ணத் தொடங்கினார். சுவீடிஷ் மொழிச் சொல்லையே எடுத்து இதற்கு ‘வார்வ்’ என்று பெயர் வைத்தார்கள்.

எண்ண முடியாத ஏரிகளுக்குக் கதிரியக்கம்தான் வழி. மேலே இருக்கும் சுமார் 150 ஆண்டுச் சேற்றுக்கு ஈயம்-210. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 22 ஆண்டு. அணுகுண்டுச் சோதனைகளில் சிதறிய சீசியம்-137 உச்சத்தில் இருக்கும் அடுக்கு 1963-ஐக் காட்டும். சுமார் 50,000 ஆண்டு வரை கார்பன்-14. அதற்கும் பழையது என்றால், சேற்றிலுள்ள இரும்புத் துகள்களில் பதிந்திருக்கும் பூமியின் காந்தத் திசை உதவும். பூமியின் காந்தத் துருவங்கள் கடைசியாக இடம் மாறியது ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுக்கு முன்.

ஆர்க்டிக்கில் கார்பன்-14 ஏமாற்றவும் செய்யும். உறைந்த மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டு கிடந்த பழைய பாசி, கரை இடிந்தால் இன்று ஏரிக்குள் விழும். சேற்றை அப்படியே மொத்தமாகக் கொடுத்து வயது கேட்டால் உள்ளதைவிடக் கிழவயது வரும். அதனால் சேதமில்லாத ஒரு சின்ன இலையையோ விதையையோ தேடி எடுத்து அதற்கு மட்டும் வயது பார்ப்பார்கள். ஓர் இலைக்காக நாள் முழுக்கச் சலித்த அனுபவம் எனக்கு உண்டு.

அந்தக் காலத்துல தெர்மாமீட்டரே கிடையாதே. எத்தனை டிகிரின்னு யார் சொன்னது?

பூச்சி சொன்னது. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் ‘பிளட் வார்ம்’ என்று வாங்கிப் போடும் சிவப்புப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சுப்புழு. கைரோனோமிட் என்று பெயர். வடதுருவத்து ஏரி அடியிலும் இதன் பல இனங்கள் வாழ்கின்றன. சில இனங்களுக்குக் கடுங்குளிர்தான் பிடிக்கும், சில இனங்கள் கொஞ்சம் சூடேறினால்தான் வரும். புழு வளர வளரத் தலையோட்டைக் கழற்றிப் போடும். அந்த ஓடு சீக்கிரம் மக்காது.

சேற்றைக் காரக் கரைசலில் மிதமாகச் சூடாக்கி, நுண்சல்லடையில் கழுவி, தட்டில் ஊற்றி, நுண்ணோக்கிக்கு அடியில் ஊசிமுனை இடுக்கியால் ஒவ்வொரு தலையாகப் பொறுக்க வேண்டும். ஒரு தலை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தேன்நிறத்தில், வாய்ப்பக்கம் சின்ன ரம்பம்போல் பல்வரிசை தெரியும். நடுப்பல் ஒன்றா இரண்டா, பக்கத்துப் பல் எத்தனை என்று பார்த்தால் இனம் பிடிபடும். ஒரு மாதிரிக்குக் குறைந்தது 50 தலையாவது வேண்டும். அப்புறம், இன்றைக்கு வெவ்வேறு வெப்பநிலையில் இருக்கும் பல ஏரிகளின் மேல்சேற்றில் எந்தெந்த இனம் எத்தனை சதவீதம் என்று எடுத்த கணக்கோடு ஒப்பிட்டால், பழைய சேறு படிந்தபோது கோடை எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்லலாம். ஒன்று இரண்டு டிகிரி முன்பின் இருக்கும். அதை மறைக்காமல் கூடவே எழுதுவார்கள்.

பூச்சி மட்டும் சாட்சி இல்லை. டயாட்டம் என்னும் கண்ணாடி ஓடு கொண்ட நுண்பாசி, பனித்தட்டு எத்தனை நாள் விலகியிருந்தது என்பதைக் காட்டும். பாக்டீரியாக்களின் உறையில் இருந்த கொழுப்பு மூலக்கூறுகளும் வெப்பத்துக்கு ஏற்ப வடிவம் மாறுபவை. மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டினால் நம்பிக்கை கூடும்.

மகரந்தம் காற்றுல எவ்வளவோ தூரம் பறக்குமே, அதை நம்பலாமா?

தனியாக நம்பக் கூடாது. பைன் மகரந்தத்துக்கு இரண்டு காற்றுப்பைகள் உண்டு. பைன் மரமே இல்லாத தீவிலும் அது வந்து விழும். இலை, விதை, குச்சி போன்ற கனமான மிச்சமோ, சேற்றில் ஒட்டியிருக்கும் டிஎன்ஏவோ கூடக் கிடைத்தால்தான் அந்தச் செடி அங்கேயே வளர்ந்தது என்று சொல்லலாம்.

அங்கே இருக்கிறதுலேயே பழைய ஏரி எது?

நீண்ட, இடைவெளியில்லாத பதிவு என்றால் எல்கிகிட்கின்தான். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சுகோட்காவில் இருக்கிறது. சுக்சி மொழியில் வெள்ளை ஏரி என்று பொருள். ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்து 18 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளமானது. அதில் தேங்கிய ஏரியின் இன்றைய அகலம் சுமார் 12 கிலோமீட்டர், ஆழம் சுமார் 170 மீட்டர். பனியுகங்களில் கனடாவையும் வட ஐரோப்பாவையும் பனிப்படலம் மூடியபோதும் இந்த இடம் மூடப்படவில்லை. பனிப்படலம் வளர வேண்டிய அளவுக்கு அங்கே ஈரம் இல்லை.

2009-ல் ஜூலி பிரிகாம்-கிரெட், மார்ட்டின் மெல்லஸ், பாவெல் மின்யுக் ஆகியோர் தலைமையில் ரஷ்ய, அமெரிக்க, ஜெர்மானிய, ஆஸ்திரியக் குழு உறைந்த ஏரியின் மேல் துளைப்பொறியை நிறுத்தி 318 மீட்டர் வண்டலைத் தாண்டி, விண்கல் உடைத்த பாறைவரை இறங்கியது. மூன்று விதமான சேறு மாறி மாறி வந்தது. கருஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய வரிகள் வந்தால், கோடையிலும் பனித்தட்டு உருகாமல் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோன கடுங்குளிர்க் காலம். வரியில்லாத ஆலிவ் நிறம் வந்தால் இடைப்பட்ட காலம். செம்பழுப்பில் வரிகள் வந்தால் மிகவும் வெதுவெதுப்பான காலம். அப்படிப்பட்ட வெப்பக் காலம் ஒன்று ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டுக்கு முன், இன்னொன்று ஏறத்தாழ 11 லட்சம் ஆண்டுக்கு முன். அப்போதைய கோடை, இரண்டு பனியுகங்களுக்கு நடுவே இன்று நாம் வாழும் இடைப்பனிக் காலத்துக் கோடையைவிட நாலைந்து டிகிரி சூடு.

என்னை அதிகம் பாதிப்பது அடியில் கிடைத்த 34 முதல் 36 லட்சம் ஆண்டுப் பழஞ்சேறு. அப்போது அங்கே கோடை இன்றைவிட 8 டிகிரி சூடாக இருந்தது. இன்று குட்டைச் செடிகளும் புல்லும் மட்டுமே இருக்கும் இடத்தில் காடு இருந்தது. காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 10 லட்சத்துக்கு 400 பங்கு, அதாவது நாம் அண்மையில் தாண்டிவந்த அளவு.

பனிப்படலம் நகர்ந்தா எல்லாத்தையும் வழிச்சிட்டுப் போயிருமே?

பெரும்பாலும் அப்படித்தான். அதனால்தான் நிறைய ஆர்க்டிக் ஏரிகளின் பதிவு சுமார் பத்தாயிரம் ஆண்டில் நின்றுவிடுகிறது. ஆனால் சில இடங்களில் பனிப்படலத்தின் அடி தரையோடு சேர்ந்து உறைந்துபோய், நகராமல் போர்வைபோல் கிடந்திருக்கிறது. கனடாவின் பாஃபின் தீவில் ‘சிஎஃப்8’ என்ற குறிப்பெயர் கொண்ட ஒரு சின்ன ஏரி அப்படித் தப்பியது. அதன் அடியில் 2 லட்சம் ஆண்டுவரை பழைய வண்டல், நடுவில் பனி மூடியிருந்த காலங்களின் இடைவெளிகளோடு, பத்திரமாக இருக்கிறது. இந்த ஏரியைப் பற்றிப் பிறகு மறுபடி சொல்வேன்.

கிரீன்லாந்துன்னு பேர் வச்சிருக்காங்களே, எப்பவாவது பச்சையா இருந்துச்சா?

பெயர், ஆயிரம் ஆண்டுக்கு முன் அங்கே ஆட்களைக் குடியேற அழைத்த எரிக் என்ற நார்ஸ் தலைவர் வைத்தது. அப்போதும் உள்நாடு பனிதான். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பு உண்மையிலேயே பச்சையாக இருந்திருக்கிறது.

1960-களில் கேம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க ராணுவ முகாமில் பனியை 1,390 மீட்டர் துளைத்து, 1966-ல் தரையைத் தொட்டார்கள். அடியிலிருந்து மூன்றரை மீட்டர் உறைந்த மண்ணும் வந்தது. எல்லோருக்கும் பனியில்தான் ஆர்வம். மண் ஜாடிகளில் அடைபட்டு இடம் மாறி, 2017-ல் கோபன்ஹேகனில் ஓர் உறைகிடங்கில் கண்டெடுக்கப்பட்டது. கழுவிப் பார்த்தால் பாசியும் சின்னக் குச்சிகளும் இலைகளும். மணல்துகள் கடைசியாக எப்போது சூரிய ஒளி பட்டது என்று அளக்கும் முறையில் கிடைத்த வயது சுமார் 4,16,000 ஆண்டு. எல்கிகிட்கினில் செம்பழுப்புச் சேறு படிந்த அதே வெப்பக் காலம்! ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே நாளைச் சொன்னதுபோல. தீவின் நடுவில், 3 கிலோமீட்டர் பனிக்கடியில் 1993-ல் எடுத்த மண்ணிலும் ஆர்க்டிக் பாப்பிச் செடியின் விதையும் பூச்சியின் கண்ணும் இருந்ததாக 2024-ல் வெளியிட்டார்கள்.

கிரீன்லாந்தின் வடமுனையில் காப் கோபன்ஹாவ்ன் என்ற படிவிலிருந்து 20 லட்சம் ஆண்டுப் பழைய டிஎன்ஏவைப் பிரித்தெடுத்ததாக 2022-ல் அறிவித்தார்கள். களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டதால்தான் அது அழியாமல் இருந்தது. பாப்ளர், பிர்ச் மரங்கள், முயல், கலைமான், அப்புறம் யாருமே எதிர்பார்க்காத மாஸ்டடான் என்ற யானையினம். இன்று அந்த இடம் வெறும் குளிர்ப்பாலைவனம்.

அதுக்கும் முன்னாடி? அவ்வளவு பழைய ஏரி இருக்காதே.

இருக்காது. அங்கிருந்து பாறையின் முறை. பாறை என்று சொல்வதில் பாதி, பழைய ஏரி அடியும் ஆற்றுப்படுகையும் சதுப்பும் இறுகியதுதான்.

கனடாவின் ஆக்சல் ஹைபர்க் தீவில், ஏறத்தாழ 80 டிகிரி வடக்கில், 4.5 கோடி ஆண்டுப் பழைய காட்டின் அடிமரங்கள் நின்றபடியே இருக்கின்றன. 1985-ல் ஹெலிகாப்டர் விமானி ஒருவர் கண்ணில் பட்டது. திருவக்கரையில் நாம் பார்க்கும் கல்மரம் மாதிரி இல்லை. இது கல்லாகவே மாறவில்லை. ரம்பத்தால் அறுக்கலாம், நெருப்பு வைத்தால் எரியும். பெரும்பாலானவை மெட்டாசெக்கோயா என்ற ஊசியிலை மரம். அதன் வாழும் வாரிசுகள் 1940-களில் சீனாவில் கண்டுபிடிக்கப்பட்டன. குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் மரம் அது. மாதக்கணக்கில் சூரியனே வராத ஊரில் காடு இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

வடதுருவத்துல முதலை இருந்துச்சாமே, நிஜமா?

நிஜம். பக்கத்திலுள்ள எல்ஸ்மியர் தீவில், சுமார் 5.3 கோடி ஆண்டுப் பாறையில் அலிகேட்டர் இன முதலை, ஆமை, டாபிர் என்னும் நீள்மூக்கு விலங்கு ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன. மேரி டாசனும் ராபர்ட் வெஸ்ட்டும் 1975-ல் தேடத் தொடங்கிய இடம். எலும்பிலும் பல்லிலும் இருக்கும் ஆக்சிஜன் வகைகளை அளந்து, கோடையில் 20 டிகிரி அளவும் கடுங்குளிர் மாதத்திலும் உறைநிலைக்குச் சற்று மேலேயும் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதே தீவில் 35 லட்சம் ஆண்டுப் படிவில் ஒட்டகமும் கிடைத்தது. நடாலியா ரிப்சின்ஸ்கியின் குழு மூன்று கோடைகளில் பொறுக்கிய சுமார் 30 எலும்புச் சில்லுகள். புரதத்தை ஒப்பிட்டு ஒட்டக இனம் என்று உறுதிசெய்து 2013-ல் வெளியிட்டார்கள். எல்கிகிட்கினின் அடிச்சேறு சொல்லும் அதே வெதுவெதுப்பான காலம்.

கண்டங்கள் நகர்ந்தது நமக்குத் தெரியும். அந்த இடமே அப்ப பூமத்தியரேகை பக்கம் இருந்திருக்கலாம் இல்லையா?

நல்ல கேள்வி. சில பாறைகளுக்கு இதுவே விடை, சிலவற்றுக்கு இல்லை. பாறை உருவாகும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் பூமியின் காந்தத்துக்கு ஏற்பச் சாய்ந்து நிற்கும். பூமத்தியரேகைப் பக்கம் படுத்திருக்கும், துருவத்தின் அருகே செங்குத்தாக இறங்கும். அந்தச் சாய்வை அளந்தால் பாறை பிறந்த அட்சரேகை தெரியும்.

எல்ஸ்மியரில் 2004-ல் கிடைத்த டிக்டாலிக், கால்போன்ற துடுப்பு கொண்ட 37.5 கோடி ஆண்டு மீன். அது வாழ்ந்தபோது அந்த நிலம் பூமத்தியரேகை அருகே இருந்தது. அதை வைத்து ஆர்க்டிக் சூடாக இருந்தது என்று சொன்னால் தப்பு. ஆனால் அதே தீவின் முதலைகள் வாழ்ந்தபோது நிலம் ஏற்கெனவே ஆர்க்டிக் வட்டத்துக்குள் வந்துவிட்டது. அங்கே மாறியது இடம் அல்ல, உலகத்தின் வெப்பம்.

ஸ்வால்பார்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உண்டு. 38 கோடி ஆண்டுப் பழைய மர அடிகள் பூமத்தியரேகைக் காட்டின் மிச்சம். ஏறத்தாழ 6 கோடி ஆண்டு நிலக்கரியோ வடக்கே வந்தபின் அங்கேயே வளர்ந்த சதுப்புக்காடு. ஸ்வால்பார்டின் நியூ ஓலசுண்டில் அந்த நிலக்கரியை வெட்டித்தான் ஊரே உருவானது. சுரங்கம் மூடியபின் ஆய்வு ஊரான அங்கேதான் 2008-ல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் வந்தது.

ஆர்க்டிக் கடலடியில அசோலா கிடைச்சுதாமே, நாம மாட்டுக்குப் போடுற அசோலாவா?

அதே குடும்பம்தான், தண்ணீரில் மிதக்கும் சின்னப் பெரணி. 2004-ல் மூன்று பனியுடைப்புக் கப்பல்கள் துருவத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டரில், லோமோனோசவ் என்னும் கடலடி மலைத்தொடர் மேல் துளைத்தன. சுமார் 4.9 கோடி ஆண்டு ஆழத்தில் பல மீட்டர் உயரத்துக்கு அசோலா வித்துகள். உப்புத் தண்ணீரில் அது வளராது. அப்போது ஆர்க்டிக் கடல் ஏறத்தாழ மூடிக்கிடந்தது, ஆறுகள் கொட்டிய நன்னீர் மேலே மிதந்தது; ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டு, பச்சைப்பாயாக அசோலா வந்து வந்து பரவியிருக்கிறது. வயலில் இரண்டொரு நாளில் இரட்டிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காற்றின் கரியமில வாயுவை அது நிறைய உறிஞ்சி அடியில் புதைத்து, பூமி குளிர உதவியது என்பது ஒரு கருத்து. உதவியிருக்கும், ஆனால் அந்த முழுக் குளிர்ச்சிக்கும் இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

துருவத்துல பனியாறு விட்டுப்போன பாறை கிடைச்சா அதுல என்ன ஆச்சரியம்?

பாறை இருக்கும் இடத்தில் ஆச்சரியம் இல்லை, அதன் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. பிரிட்டனின் பிரையன் ஹார்லண்ட் பல பத்தாண்டுகள் ஸ்வால்பார்டில் அலைந்தவர். அறுபது எழுபது கோடி ஆண்டுப் பழைய பாறையில் பனியாறு கலந்து கொட்டிய கல்லும் களியும் பார்த்தார். ஆனால் அதற்கு மேலேயும் கீழேயும் சுண்ணாம்பு வகைப் பாறை. அது வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் உருவாவது. அப்படியென்றால் அன்று அது துருவமே இல்லை, சூடான பகுதிக்கே பனி வந்திருக்கிறது. உலகம் முழுக்க ஒரு பெரும் பனிக்காலம் வந்ததாக 1964-ல் அவர் வாதிட்டார். இன்று ‘பனிப்பந்து பூமி’ என்று சொல்லும் கருத்துக்கு அது ஒரு முக்கியமான வேர்.

எனக்குப் பிடித்தது, அந்தப் பாறைக்குள்ளேயே ஏரி வண்டல் இருப்பது. வில்சன்பிரீன் என்ற அடுக்கில் பனி முன்னேறியதும் பின்வாங்கியதும், இடையில் பாலைவனக் குளிரில் சின்ன ஏரிகள் தேங்கியதும் வரிவரியாகத் தெரிகிறது. உறைந்த பூமியிலும் ஏரிகள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

ஒரே ஒரு ஏரியை வச்சு மொத்த ஆர்க்டிக்கையும் எப்படிச் சொல்லலாம்?

சொல்லக் கூடாது. கடைசிப் பனியுகம் முடிந்தபின் வந்த வெப்ப உச்சம் அலாஸ்கா பக்கம் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுக்கு முன்பே வந்தது. கனடாவின் வடகிழக்கில் பெரும் பனிப்படலம் உருகாமல் நின்றதால் சில ஆயிரம் ஆண்டுகள் தாமதம். ஒரே ஏரியைப் படித்திருந்தால் தவறான காலத்தை எழுதியிருப்போம்.

முன்னாடியே முதலை இருந்த ஊர்தானே? இப்ப சூடானா என்ன கெட்டுப்போச்சு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். அந்த வெப்பங்களுக்குக் காரணம் இருந்தது. முதலைக் காலத்தில் கரியமில வாயு இன்றைவிட மிக அதிகம். நாலு லட்சம் ஆண்டுக்கு முன்பும் பத்தாயிரம் ஆண்டுக்கு முன்பும் பூமி சுற்றும் பாதையும் அச்சும் அமைந்த விதத்தில் வடக்குக் கோடைக்குக் கூடுதல் வெயில் கிடைத்தது. இப்போது பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில், வடக்கின் நடுக்குளிரில். அந்தக் கணக்குப்படி ஆர்க்டிக் மெல்லக் குளிர வேண்டும்.

அப்படித்தான் குளிர்ந்தும் வந்தது. ஏரி வண்டல், பனியுருளை, மரவளையம் மூன்றையும் சேர்த்து டாரெல் காஃப்மன் குழு 2009-ல் வெளியிட்ட கணக்கில், 2,000 ஆண்டுகளாக ஆயிரம் ஆண்டுக்கு சுமார் 0.22 டிகிரி வீதம் ஆர்க்டிக் கோடை குளிர்ந்து வந்தது தெரிகிறது. 20-ஆம் நூற்றாண்டில் அது திரும்பிவிட்டது. காரணமான சூரிய வெயில் இன்னும் குறைந்துகொண்டேதான் இருக்கிறது. 1979-க்குப் பின் ஆர்க்டிக், உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நாலு மடங்கு வேகத்தில் சூடாகிறது. வேகம்தான் வேறுபாடு. முதலைக் காலத்தில் கடலோரத்தில் நம் ஊர்கள் எதுவும் இல்லை என்பதும் ஒரு வேறுபாடு.

சரி, மனுஷன்தான் காரணம்னு சேறு எப்படிச் சொல்லும்?

காரணத்தைச் சேறு மட்டும் சொல்லாது. காற்றை அளப்பதும் இயற்பியலும் சேர வேண்டும். ஆனால் மாற்றம் எப்போது வந்தது, முன்பு இப்படி நடந்ததா என்பதைச் சேறு தெளிவாகச் சொல்லும். முன்பு சொன்ன சிஎஃப்8 ஏரியில் குளிர் விரும்பும் பூச்சித் தலைகள் 1950 வாக்கிலிருந்து சடசடவெனக் குறைகின்றன. அதன் 2 லட்சம் ஆண்டுச் சேற்றில், இடையில் வந்த வெப்பக் காலங்களிலும், இப்படி ஒரு நிலை இல்லை. பல ஏரிகளின் மேல்சேற்றில் கரியுருண்டைத் துகள்களும் வரும். நிலக்கரியையும் எண்ணெயையும் உயர்வெப்பத்தில் எரித்தால் மட்டுமே உண்டாகும் துகள் அது, இயற்கையில் வேறு வழியே இல்லை.

அங்கே வாழ்ந்த மக்களின் தடமும் சேற்றில் உண்டு. கனடாவின் சாமர்செட் தீவில் இனுயிட் மக்களின் முன்னோர் கி.பி. 1200 வாக்கில் திமிங்கில எலும்பால் வீடு கட்டி வாழ்ந்தார்கள். எலும்பிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் கசிந்த சத்து பக்கத்துக் குட்டையின் டயாட்டங்களையே மாற்றிவிட்டது. அவர்கள் போய் நாலு நூற்றாண்டு ஆகியும் அந்தக் குட்டை பழையபடி ஆகவில்லை.

இந்த ஏரிகள் எல்லாம் அப்படியே இருக்குமா? பிறகு போய் எடுத்துக்கலாம்தானே?

எல்லாம் இருக்காது. எல்ஸ்மியர் தீவின் கிழக்குக் கரையில் கேப் ஹெர்ஷல் என்ற இடத்தில் ஆழமற்ற குட்டைகள் உள்ளன. மரியான் டக்ளஸும் ஜான் ஸ்மோலும் 1983 முதல் அங்கே போய்வந்தார்கள். அந்தச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டு பெரிய மாற்றமில்லாமல் இருந்த டயாட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே மாறத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு முறை போகும்போதும் தண்ணீரில் உப்பு கூடிக்கொண்டு வந்தது. அதாவது மழையும் பனியும் தருவதைவிட ஆவியாவது அதிகம்.

2006 ஜூலையில் வழக்கம்போல் மாதிரி எடுக்கப் போனார்கள். பல குட்டைகள் வற்றியிருந்தன, சுற்றியிருந்த சதுப்பும் காய்ந்து கிடந்தது. தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல் இருந்த சேறு வெயிலில் கிடந்தது.